ஹிரோஷிமாவில் மடிந்த 12 அமெரிக்க வான்வீரர்கள்: மோரி தேடிய முறையும் இன்று தேடுவோருக்கான வழிகளும்

ஆவணப்புழு (இழை தொடக்கம்)

ஷிகேயாகி மோரி என்றால் 2016 மே 27 அன்று ஹிரோஷிமாவில் ஒபாமா அணைத்துக்கொண்ட முதியவர் என்று பலருக்குத் தெரியும். அந்தப் படத்தைத் தாண்டி அவர் செய்த வேலையைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாகப் பேசியதாகத் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

மோரி வரலாற்றுப் பேராசிரியர் அல்ல. அலுவலக வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் தேடியவர். அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு எட்டு வயது. வெடிப்பு மையத்திலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டரில் ஒரு பாலத்தின் மேல் நின்றிருந்தவரை அதிர்வலை ஆற்றுக்குள் தூக்கி எறிந்தது. அப்படிப்பட்டவர்தான் அதே குண்டில் செத்த அமெரிக்க வீரர்கள் 12 பேரின் பெயர்களையும் குடும்பங்களையும் தேடிப் பல பத்தாண்டுகளைச் செலவிட்டார்.

சம்பவம் சுருக்கமாக: 1945 ஜூலை 28. குரே துறைமுகத்தில் நின்ற ஹருனா போர்க்கப்பலைத் தாக்க ஓகினாவாவிலிருந்து 494ஆவது குண்டுவீச்சு அணியின் பி-24 விமானங்கள் கிளம்பின. 'லோன்சம் லேடி', 'தலோவா' இரண்டும் சுடப்பட்டு விழுந்தன. லோன்சம் லேடியில் ஒன்பது பேர். நேவிகேட்டர் அன்றே இறந்தார். விமானி தாமஸ் கார்ட்ரைட்டை விசாரணைக்கு டோக்கியோ பக்கம் கொண்டுபோனதால் அவர் உயிர் தப்பினார். வால் துப்பாக்கி வீரர் தனியாகப் பிடிபட்டு வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டதால் அவரும் பிழைத்தார். மற்ற ஆறு பேரும் ஹிரோஷிமாவில், மையத்திலிருந்து சுமார் 400 மீட்டரில் இருந்த சூகோகு கெம்பெய்தாய் (ஜப்பானிய ராணுவப் போலீஸ்) தலைமையகத்தில் அடைக்கப்பட்டார்கள். தலோவாவிலிருந்தும் விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்களிலிருந்தும் பிடிபட்டவர்களைச் சேர்த்தால் 12 பேர்.

என் கேள்வி இதுதான். ஒரு விமானம் விழுந்த இடமும் தேதியும் மட்டும் கையில் இருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு வீரருக்கும் என்ன ஆனது என்பதுவரை போக எந்த வரிசையில் தேட வேண்டும்? எங்கெங்கே சறுக்கும்? அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள்.

---

வால்எண்

முதல் விதி: செல்லப்பெயரை வைத்துத் தேடாதீர்கள். மூக்கில் எழுதிய பெயர் அதிகாரபூர்வமானது அல்ல. ஒரே பெயரில் வெவ்வேறு அணிகளில் பல விமானங்கள் பறந்திருக்கின்றன. சில சமயம் பெயர் ஒரு குழுவினுடையதாக இருக்கும், அன்றைக்கு அவர்கள் ஏறிப்போன விமானம் வேறாக இருக்கும்.

தேட வேண்டியது வரிசை எண்ணை. அமெரிக்க ராணுவ விமானங்களுக்கு அதன் முதல் இரண்டு இலக்கம் விமானம் ஆர்டர் செய்யப்பட்ட நிதியாண்டு. வாலில் எழுதும்போது ஆண்டின் முதல் இலக்கத்தையும் கோட்டையும் விட்டுவிடுவார்கள். லிபியப் பாலைவனத்தில் கிடைத்த 'லேடி பி குட்' நல்ல எடுத்துக்காட்டு: வரிசை எண் 41-24301, வாலில் 124301. அந்த பி-24 1943 ஏப்ரல் 4 அன்று நேபிள்ஸ் தாக்குதலுக்குப் போய்த் திரும்பவில்லை. கடலில் விழுந்திருக்கும் என்றே எல்லோரும் நம்பினார்கள். ஐம்பதுகளின் இறுதியில் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, மணலில் கிடப்பதைக் கண்டார்கள். வால் எண் தெளிவாக இருந்ததால் அடையாளம் காண்பதில் சிக்கல் வரவில்லை.

பழைய புகைப்படத்தில் வாலில் ஆறு இலக்கம் தெரிந்தால் முன்னால் ஒரு '4' சேர்த்துப் பாருங்கள். 1940களின் ஆர்டர் என்றால் பொருந்தும். ஐந்து இலக்கம்தான் தெரிகிறதென்றால் முதல் இலக்கம் நிழலில் மறைந்திருக்கலாம். ஊகித்து நிரப்பிவிட வேண்டாம், அணியின் அன்றைய பறப்புப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

---

கோப்புக்காரர்

அடுத்த படி எம்ஏசிஆர், அதாவது காணாமற்போன விமானக் குழு அறிக்கை. அமெரிக்க ராணுவ விமானப்படை 1943இல் கொண்டுவந்த படிவம். குழு காணாமற்போனதாக அறிவிக்கப்பட்ட 48 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது விதி. அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் எம்1380 என்ற நுண்படத் தொகுதியாக இருக்கிறது, இப்போது இணையத்திலும் பார்க்கலாம்.

அதில் கிடைப்பவை: விமான வரிசை எண், நான்கு எஞ்சின்களின் எண்கள், இயந்திரத் துப்பாக்கிகளின் எண்கள், வானிலை, கடைசியாகப் பார்த்த இடம், பார்த்தவர்களின் வாக்குமூலம். பிறகு குழுவினர் ஒவ்வொருவரின் பெயர், பதவி, சேவை எண். பெரும்பாலும் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் இருக்கும். குடும்பத்தைத் தேட அதுதான் பிடி.

என்ன தவறும்? படிவத்தை அவசரத்தில் தட்டச்சு செய்திருப்பார்கள். சேவை எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் வேறொருவரின் கோப்பு கைக்கு வரும். எஞ்சின் மாற்றிய பிறகு பதிவேட்டில் திருத்தாமல் விட்டதும் உண்டு. 'பாராசூட் ஆறு பார்த்தேன்' என்று பக்கத்து விமானத்துக்காரர் சொன்னால், அது அவர் கண்ணில் பட்டது மட்டும்தான். மேகத்துக்குள் குதித்தவர் கணக்கில் வரமாட்டார்.

அதற்குப் பிறகு ஐடிபிஎஃப், இறந்த வீரரின் தனிக்கோப்பு. உடல் எங்கே கிடைத்தது, எப்படி அடையாளம் கண்டார்கள், பல் வரைபடம், புதைத்த இடம், குடும்பத்துக்கும் ராணுவத்துக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் இதில். இருபது பக்கமும் இருக்கலாம், இருநூறும் இருக்கலாம். உடல் எச்சங்களைப் பற்றிய வர்ணனை கடுமையாக இருக்கும். குடும்பத்தாருக்கு அனுப்புமுன் நீங்கள் முழுதும் படித்து, எந்தெந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸில் பிடித்த தீயில், 1912 முதல் 1960 தொடக்கம்வரை விலகிய ராணுவத்தினரின் பணிக்கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் எரிந்துபோனது. 'கோப்பு எரிந்துவிட்டது' என்று பதில் வந்தால் அது பணிக்கோப்பைப் பற்றியது. ஐடிபிஎஃப் தனித் தொகுதி, அந்தத் தீயில் போகவில்லை. விண்ணப்பத்தில் 'பணிக்கோப்பு' என்று எழுதாமல் ஐடிபிஎஃப் என்றே குறிப்பிட்டுக் கேளுங்கள்.

---

பனைநிழல்

@கோப்புக்காரர் அருமை. ஒரு சந்தேகம் சார். 12 பேரில் கடற்படைக்காரர்களும் உண்டே, அவர்களுக்கும் எம்ஏசிஆர் இருக்குமா?

---

கோப்புக்காரர்

இருக்காது. எம்ஏசிஆர் ராணுவ விமானப்படைக்கு மட்டும். கடற்படைக்கு ஏசிஏ-1 என்னும் விமானத் தாக்குதல் அறிக்கை, ஸ்குவாட்ரனின் (விமானப் பிரிவின்) போர் நாட்குறிப்பு, கப்பலின் நாட்குறிப்பு மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நார்மன் பிரிசெட் டிகாண்டரோகா விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய ஹெல்டைவர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கி வீரர். அவரை எம்ஏசிஆர் தொகுதியில் வருடக்கணக்காகத் தேடினாலும் கிடைக்கமாட்டார். எந்தப் படைப்பிரிவு என்று உறுதிசெய்யாமல் எந்தக் கோப்பையும் கேட்டு விண்ணப்பிக்காதீர்கள்.

---

கீழைக்காற்று

ஜப்பான் பக்கத்து ஆவணங்களைப் பற்றி நான் சொல்கிறேன். மோரியின் உழைப்பு முழுதாகப் புரிவது இங்கேதான்.

போருக்குப் பிறகு ஜப்பான் தரப்பு கொடுத்த பட்டியலில் ஹிரோஷிமாவில் இறந்ததாக 20 அமெரிக்கர்களின் பெயர் இருந்தது. அந்தப் பட்டியலே நேர்மையானது அல்ல. 1945 மே மாதம் கியூஷூவில் வீழ்ந்த ஒரு பி-29 குழுவினரில் சிலர் கியூஷூ பல்கலைக்கழகத்தில் உயிரோடு அறுவைச் சோதனைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை மறைக்க, அவர்கள் ஹிரோஷிமா அணுகுண்டில் இறந்ததாக எழுதிவைத்தார்கள். அரசு முத்திரை விழுந்த தாள் என்பதற்காக அதை அப்படியே ஏற்றிருந்தால் கொலைக்குத் துணைபோனதாக ஆகியிருக்கும். ஒவ்வொரு பெயரையும் விமானத்தோடும் விழுந்த இடத்தோடும் பிடித்த போலீசோடும் கொண்டுபோன வழியோடும் பொருத்திப் பார்த்துத்தான் 12 என்ற எண் நிலைபெற்றது.

தேடும் இடங்கள்: ஜப்பானிய நாடாளுமன்ற நூலகத்தின் அரசியல் வரலாற்று ஆவண அறையில், நேச நாடுகளின் ஆக்கிரமிப்புத் தலைமையகம் நடத்திய விசாரணைக் கோப்புகளின் நுண்படங்கள் இருக்கின்றன. மூலங்கள் அமெரிக்கக் காப்பகத்தில் 331ஆம் தொகுதியில். போர்க்கைதிகள் ஆய்வு வலையமைப்பு என்ற ஜப்பானிய அமைப்பு, ஜப்பான் மண்ணில் வீழ்ந்த நேச நாட்டு விமானங்களை மாவட்டவாரியாகத் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. தன்னார்வலர்கள் கட்டிய பட்டியல், தரம் உயர்ந்தது. தொடங்குவோர் முதலில் அதைத்தான் திறக்க வேண்டும்.

சறுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, நேரம். ஒரு தாளில் கிரீன்விச் நேரம், இன்னொன்றில் உள்ளூர் நேரம். ஜப்பான் நேரம் ஒன்பது மணி முன்னால். அமெரிக்கத் தாள்களில் மணிக்குப் பின்னால் 'ஐ' எழுத்து இருந்தால் அது ஜப்பான் நேரம், 'இஸட்' இருந்தால் கிரீன்விச். அதிகாலைச் சம்பவம் என்றால் இதில் தேதியே மாறிவிடும்.

இரண்டு, பெயர். கைதி சொன்னதைக் காதால் கேட்டு, வெளிநாட்டுச் சொற்களுக்கான ஜப்பானிய எழுத்தான கதகனாவில் எழுதியிருப்பார்கள். ல-வும் ர-வும் ஒன்றாகிவிடும். லாங் ரோங் ஆவார், நீல் நீரு ஆவார். ஆங்கிலத்துக்குத் திருப்பும்போது இரண்டு சாத்தியத்தையும் எழுதிக் குழுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

மூன்று, ஊர்ப் பெயர். லோன்சம் லேடி விழுந்தது யமாகுச்சி மாவட்டத்து இகாச்சி கிராமத்தில். இன்றைய வரைபடத்தில் அது யானாய் நகரத்துக்குள் அடங்கிவிட்டது. போருக்குப் பிந்தைய கிராம இணைப்புகளில் ஆயிரக்கணக்கான பெயர்கள் இப்படிப் போய்விட்டன. போர்க்கால வரைபடம் இல்லாமல் உட்காராதீர்கள்.

---

வால்எண்

@கீழைக்காற்று சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கிராமத்து முதியவர்களிடம் பேசும்போது 'எந்த விமானம்?' என்று கேட்கவே கூடாது. 'பி-29' என்றுதான் வரும், அன்றைக்குப் பெரிய விமானம் எல்லாமே அந்தப் பெயர்தான். 'வாலில் நிமிர்ந்த துடுப்பு ஒன்றா இரண்டா?' என்று கேளுங்கள். பி-24க்கு இரண்டு, பி-29க்கு ஒன்று. 'எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, புகை எந்தப் பக்கம், எத்தனை பாராசூட், எந்த மலைக்குப் பின்னால் இறங்கியது' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு நீங்கள் படித்ததைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை அதையே தன் நினைவாகச் சொல்வார். இருவரை ஒன்றாக உட்காரவைத்தும் கேட்க வேண்டாம்.

---

மண்வெட்டி_கே

விமானத் துண்டு கிடைத்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லையே. அதையும் போட்டுவிடுகிறேன்.

பி-24 தயாரித்த கன்சாலிடேட்டட் நிறுவனத்தில் அந்த விமானத்தின் மாடல் எண் 32. ஆகவே பல பாகங்களில் '32' என்று தொடங்கும் எண் அச்சிட்டிருக்கும். அலுமினியத் தகட்டில் அழுந்திய எண்ணை நேரே வெளிச்சம் அடித்தால் படிக்க முடியாது. டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, கோணத்தை மாற்றி மாற்றி நான்கைந்து படம் எடுங்கள். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், எண்ணோடு சேர்த்துத் தேய்த்துவிடும். மென்மையான பல்துலக்கியும் தண்ணீரும் போதும்.

பாக எண் என்ன ரக விமானம் என்பதை மட்டுமே சொல்லும், எந்த விமானம் என்று சொல்லாது. அதற்கு எஞ்சின் தகடோ துப்பாக்கி எண்ணோ வேண்டும். பி-24இல் பிராட் அண்ட் விட்னி ஆர்-1830 எஞ்சின் நான்கு, ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர். அரை அங்குல பிரவுனிங் துப்பாக்கி பிந்தைய ரகங்களில் பத்து. துப்பாக்கியின் உடற்கூட்டில் எண் பொறித்திருக்கும். எம்ஏசிஆரில் உள்ளதோடு ஓர் எண் பொருந்தினாலே வலுவான சான்று. எஞ்சின் எண் பொருந்தவில்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள், காரணத்தை @கோப்புக்காரர் மேலே சொல்லியிருக்கிறார்.

கட்டாயம் கவனிக்க: வெடிக்காத குண்டும் தோட்டாவும் எண்பது ஆண்டு கழித்தும் ஆபத்துதான். இருட்டில் ஒளிரும் கருவி முகப்புகளில் ரேடியம் பூசியிருப்பார்கள். கண்ணாடி உடைந்திருந்தால் தொடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகவே போகாதீர்கள். எலும்பு கண்ணில் பட்டால் தோண்டுவதை அங்கேயே நிறுத்திப் போலீசுக்குச் சொல்லுங்கள். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ராணுவ விமானச் சிதைவை உரிமம் இல்லாமல் தோண்டுவதே குற்றம். எந்த நாடாக இருந்தாலும் நிலத்துக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

---

பனைநிழல்

மோரி தொலைபேசியில் குடும்பங்களைத் தேடியதாகப் படித்திருக்கிறேன். அது எப்படி நடந்தது? இன்றைக்கு அப்படிச் செய்ய முடியுமா?

---

ஆவணப்புழு

அவருக்கு ஆங்கிலம் அதிகம் வராது. பன்னாட்டுத் தொலைபேசி ஆபரேட்டரைப் பிடித்து, ஒரு மாநிலத்தில் அந்தக் குடும்பப் பெயர் உள்ளவர்களை ஒவ்வொருவராக அழைக்கச் சொல்வார். 'போரில் இறந்த இன்னாருக்கு நீங்கள் உறவா?' என்று கேட்கச் சொல்வார். இல்லையென்றால் அடுத்த எண், அது முடிந்தால் அடுத்த மாநிலம். செலவெல்லாம் சொந்தப் பணம். அப்படிக் கிடைத்த உறவினர்களில் பலருக்குத் தங்கள் பையன் ஹிரோஷிமாவில் இறந்தான் என்பதே தெரியாது.

இன்று அந்தச் சிரமம் வேண்டாம். எம்ஏசிஆரில் உள்ள ஊரை எடுத்து 1940, 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த வீட்டைப் பாருங்கள். 72 ஆண்டு விதிப்படி இரண்டும் திறந்துவிட்டன. உடன்பிறந்தோர் பெயர் கிடைக்கும். அடுத்து உள்ளூர் நாளிதழ்களின் இரங்கல் செய்திகள், அவற்றில் உயிரோடிருக்கும் உறவினர் பட்டியல் வரும். சகோதரிகளின் குடும்பப் பெயர் திருமணத்தில் மாறியிருக்கும், பெரும்பாலானோர் இங்கேதான் தடம் தவறுகிறார்கள். பெற்றோரின் இரங்கல் செய்தியை எடுத்தால் மகள்களின் புதிய பெயர் அதில் இருக்கும்.

முதல் கடிதம் ஒரு பக்கம் போதும். நீங்கள் யார், எந்த வீரரைப் பற்றி, எந்த ஆவணம் கையில் இருக்கிறது, பதில் எழுத விருப்பமா, அவ்வளவுதான். எப்படி இறந்தார் என்பதை முதல் கடிதத்தில் எழுதாதீர்கள். அதைக் கேட்கும் உரிமையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுடையது. அசல் புகைப்படத்தை அனுப்பச் சொல்லாதீர்கள், ஸ்கேன் பிரதி போதும்.

---

யாழ்வாசி

இலங்கையிலிருந்து கேட்கிறேன். 1944இல் காங்கேசன்துறைத் தளத்திலிருந்து, இப்போதைய பலாலியிலிருந்துதான், பிரிட்டிஷ் விமானப்படையின் 160ஆவது ஸ்குவாட்ரன் லிபரேட்டர்கள் பறந்திருக்கின்றன. லிபரேட்டர் என்றால் அதே பி-24தான். சுமத்ராப் பக்கம் கண்ணிவெடி தூவவும் போயிருக்கிறார்கள். திரும்பாத குழுக்களைத் தேட இதே வழிதானா?

---

கோப்புக்காரர்

வழி வேறு அண்ணா. பிரிட்டிஷ் படைக்கு எம்ஏசிஆர் கிடையாது. லண்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஏர்-27 தொகுதியில் ஸ்குவாட்ரனின் செயற்பாட்டுப் பதிவேடு இருக்கும். 540ஆம் படிவம் நாளுக்கு நாள் சுருக்கம். 541ஆம் படிவத்தில் ஒவ்வொரு பறப்புக்கும் விமான எண், குழுவினர் பெயர், கிளம்பிய நேரம். திரும்பாத விமானத்துக்கு இறங்கிய நேரக் கட்டத்தில் நேரம் இருக்காது.

பிறகு காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேதியையும் படையையும் போட்டுத் தேடுங்கள். கடலில் போய்க் கல்லறை இல்லாதவர்கள் என்றால் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச்சுவரைப் பாருங்கள். அங்கே 24,000க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.

பலருக்குத் தெரியாத ஒரு குறுக்குவழி: பிரிட்டிஷ் குழுக்களில் ஆஸ்திரேலியர், கனடியர், நியூசிலாந்துக்காரர் கலந்திருப்பார்கள். குழுவில் ஓர் ஆஸ்திரேலியர் இருந்தால் அந்நாட்டுத் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஏ705 தொகுதியில் அவருடைய இழப்புக் கோப்பைத் தேடுங்கள். பல கோப்புகள் ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருவரின் கோப்பில் அந்தக் குழு முழுவதற்கும் என்ன ஆனது என்ற விசாரணை இருக்கும். லண்டனில் கிடைக்காதது கான்பெராவில் கிடைப்பது இப்படித்தான்.

---

கீழைக்காற்று

நினைவுப்பலகையைப் பற்றியும் பேசவேண்டும். மோரி 1998இல் பழைய கெம்பெய்தாய் தலைமையகம் இருந்த இடத்தில் பலகை வைத்தார். ஹிரோஷிமா அமைதி நினைவு மண்டபத்தில் அணுகுண்டில் இறந்தோரின் பெயரும் படமும் பதிவாகின்றன. அந்த 12 பேரையும் அங்கே சேர்க்கக் குடும்பங்களோடு தொடர்புகொண்டு படம் பெற்றுத் தந்தவரும் அவர்தான்.

கல்லில் வெட்டுமுன் தேதியைக் கவனியுங்கள். 12 பேரும் ஆகஸ்ட் 6 அன்றே இறக்கவில்லை. லோன்சம் லேடியின் ரால்ஃப் நீலும் கடற்படையின் நார்மன் பிரிசெட்டும் குண்டுவெடிப்பில் தப்பி, கதிர்வீச்சால் ஆகஸ்ட் 19இல் இறந்தார்கள். இடையில் பிடிபட்ட வேறொரு பி-29 குழுவினர் அவர்களை நேரில் பார்த்துச் சொன்ன வாக்குமூலம் இல்லையென்றால் இது தெரியாமலே போயிருக்கும். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஒரே இறந்த தேதி போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் பெயரும் படைப்பிரிவும் மட்டும் போடுங்கள். பிறகு தேதி சேர்க்க இடம் விட்டு வைக்கலாம், வெட்டியதை அழிக்க முடியாது.

எழுத்துக்கூட்டல் குடும்பம் எழுதுவதுபோலத்தான் இருக்க வேண்டும். ராணுவத் தாளில் வேறாக இருந்தால் குடும்பத்திடம் கேட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வரைவை அனுப்பி, ஒவ்வொரு குடும்பமும் 'சரி' என்று பதில் எழுதிய பிறகே கல் வேலைக்குக் கொடுங்கள். உயிர் பிழைத்தவர்களையும் கேளுங்கள். கார்ட்ரைட் மோரியோடு பல ஆண்டு கடிதத் தொடர்பில் இருந்தார், 1999இல் ஜப்பானுக்கும் வந்து போனார். குழுவில் யார் எந்த இடத்தில் உட்கார்ந்தார், யார் முதலில் குதித்தார் என்பதை அவரைப் போன்றவர்தான் சொல்ல முடியும்.

---

மண்வெட்டி_கே

ஒரு கருத்து வேறுபாடு. 'சந்தேகம் இருந்தால் பெயர் மட்டும் போடுங்கள்' என்பதை நான் ஏற்கமாட்டேன். சந்தேகம் பெயரிலேயே என்றால் பலகையே வைக்கக் கூடாது. கியூஷூ விவகாரத்தை நீங்களேதான் எழுதினீர்கள். இந்த இடத்தில் இவர் இருந்தார் என்பதற்கு ஒன்றையொன்று சாராத இரண்டு சான்று வேண்டும். ஜப்பானியத் தாளும் அதை வைத்து எழுதிய அமெரிக்கத் தாளும் சேர்ந்து ஒரு சான்றுதான்.

---

கீழைக்காற்று

ஏற்கிறேன். நான் சொன்னது தேதியில் மட்டும் சந்தேகம் உள்ள நிலையை. பெயருக்கு நீங்கள் சொல்லும் இரண்டு சான்று கட்டாயம்.

---

ஆவணப்புழு

அப்படியானால் வேலைத்தாளை இப்படி வைத்துக்கொள்ளலாம்: வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. கட்டங்கள்: சேவை எண், விமானத்தில் இடம், கடைசியாக உயிரோடு பார்த்தவர், பார்த்த இடம், தேதி, சான்று ஒன்று, சான்று இரண்டு, இரண்டாவது முதலாவதைச் சார்ந்ததா, குடும்பத் தொடர்பு, ஒப்புதல் வந்த நாள். காலிக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். கோப்பிலிருந்து எடுத்த ஒவ்வொரு தகவலுக்கும் பக்க எண் போடுங்கள்.

@யாழ்வாசி, உங்களிடம் உள்ள தேதியையும் விமான எண்ணையும் இங்கே இடுங்கள். 541ஆம் படிவத்தில் குழுவினர் பெயர் கிடைத்ததும் ஆஸ்திரேலியர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் பார்த்துவிடலாம்.